நிக்கான் டி3500 கேமராவுக்குப் பழைய 35எம்எம் லென்ஸ்: வாங்கும் முன் எப்படிச் சோதிக்கணும்?

வணக்கம். இப்பதான் பழகுறவருக்காகக் கேக்குறேன். இருக்கிறது டி3500, கூட வந்த 18-55 லென்ஸ். ராத்திரி வீட்டு விளக்குல ஓடுற பிள்ளைங்களை எடுக்க அது போதாது, 55எம்எம்-ல அதோட துவாரம் எஃப்/5.6-க்கு மேல திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்).

50எம்எம் 1.8டி மலிவுன்னு யாரும் சொல்லிடாதீங்க. அந்த லென்ஸை ஃபோகஸ் பண்ணத் திருப்புற மோட்டார் இந்த கேமரா பாடியில கிடையாது, ஆட்டோஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிற 50எம்எம் 1.8ஜி-ல ஆகும், ஆனா பத்தடி தூரத்துல கேமராவை நிமிர்த்திப் பிடிச்சாலும் நாலரை அடி உயரம்தான் அடங்கும். 35எம்எம் 1.8ஜி டிஎக்ஸ்ல (டி3500 மாதிரி சின்ன சென்சார் கேமராவுக்கானது) ஆறரை அடி. அதனால 35தான்.

பூஞ்சையை டார்ச் அடிச்சுப் பார்த்துக்கலாம். ஃபோகஸ் முன்னபின்ன தள்ளினாதான் சிக்கல், அதைக் கேமராவுலயே திருத்துற ஏஎஃப் ஃபைன் ட்யூன் வசதி இதுல இல்ல. ஒரு மீட்டர்ல ஸ்கேலைச் சாய்ச்சு வச்சு, எஃப்/1.8-ல வியூஃபைண்டர்ல ஒண்ணு, லைவ் வியூல (பின்பக்கத் திரையைப் பார்த்து) ஒண்ணு எடுத்து ஒப்பிட்டாப் போதுமா? அந்த தூரத்துல தெளிவா விழுற ஆழமே சுமார் 6 செ.மீ.தான். எத்தனை செ.மீ. விலகினா வேண்டாம்னு விடலாம்?