படைக்குறிகள் செய்ய உதவி வேண்டும் (சென்னை)

வணக்கம். நாங்கள் நான்கைந்து பேர் ஞாயிறு மாலைகளில் போல்ட் ஆக்‌ஷன் என்ற மேசைப் போர் விளையாட்டு ஆடுகிறோம், 28 மி.மீ. பொம்மை வீரர்கள், இரண்டாம் உலகப்போர்க் களம். எதிரியின் சூட்டில் ஒடுங்கும் படைப்பிரிவுக்குப் ‘பின்’ (pin) குறி விழும். ஒவ்வொரு குறிக்கும் அதன் மனவுறுதி எண்ணில் ஒன்று குறையும். அதனால் எண்ணிக்கை எப்போதும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்போது பாரிமுனையில் வாங்கிய கண்ணாடி மணிகளை வைக்கிறோம். இரவெல்லாம் வண்ணம் தீட்டிய களத்தில் அவை கண்ணை உறுத்துகின்றன, உருண்டும் ஓடுகின்றன. பகடை வைத்தால் கைபட்டு எண் மாறிவிடுகிறது.

என் விருப்பம் சுழல்வட்டு: 25 மி.மீ. வட்டங்கள் இரண்டு, நடுவில் சிறு காந்தம், மேல்வட்டில் எண் தெரிய ஒரு துளை. விளிம்பில் மணலும் செயற்கைப் புல்லும் ஒட்டினால் களத்தோடு கலந்துவிடும். வேறு யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

சென்னையில் முப்பது, நாற்பது என்று சிறிய அளவில் லேசர் வெட்டித் தருபவர்கள் யார்? நம் கடற்காற்றின் ஈரத்தில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) ஊதிவிடுமா, அக்ரிலிக்கே நல்லதா? எங்களில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினம். அவர் சிரமமின்றி ஆடுவது எனக்கு மிக முக்கியம். ஆகவே நிறத்தை நம்பாமல் வடிவத்தாலேயே புரியும் குறிகள் இருந்தால், தயவுசெய்து படம் போடுங்கள்.