தும்மல் பாட்டு

குளக்கட்டு:

ஜேம்ஸ் பொண்ட் மெட்டை நான் முதன்முதலில் கேட்டது 1997இல், விசுவமடுவில், கவிழ்த்து வைத்த சைக்கிள் ஒன்றின் புண்ணியத்தில். மின்சாரம் இல்லாத காலம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. தைனமோவில் இருந்து வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். மாமாவின் கசெற் ஒன்றில் நடுவில் அந்த இசை வரும். கை ஓய்ந்தால் கிற்றார் இழுபடும். "கெதியாச் சுத்தடா" என்று மாமா கத்துவார். பல வருடம் கழித்து ஒழுங்கான வேகத்தில் கேட்டபோது, ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது கிளிநொச்சியில் ஒரு இசைக்குழுவில் நானே கிற்றார் வாசிக்கிறேன். திருவிழா மேடையில் அறிவிப்பாளர் ஏறும்போது இதைத்தான் அடிப்போம். சரி, இது எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தால், வேடிக்கை.

1962இல் வந்த முதல் பொண்ட் படத்துக்கு இசையமைக்க ஒப்பந்தமானவர் மொன்ரி நோர்மன். அவரிடம் மேடையேறாத இசை நாடகப் பாட்டு ஒன்று சும்மா கிடந்தது. எழுத்தாளர் நைபோலின் 'எ ஹவுஸ் ஃபோர் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலுக்காகப் போட்டது. ட்ரினிடாட்டில் வாழும் இந்தியர்களின் கதை, அதனால் மெட்டிலும் நம் பக்கத்து வாடை. அதில் பாடுகிறவன், தான் ராசியில்லாத தும்மலோடு பிறந்தவன் என்று புலம்புகிறான்!

என் அம்மம்மா, யாராவது வெளிக்கிடும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால், இருத்தித் தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அனுப்புவா. கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்கு ஓடும்போதும் ஒருமுறை நிற்க வைத்தா. அந்தத் தும்மல்தான் கொல்ல உரிமம் உள்ளவனுக்குக் கட்டியம் கூறுகிறது.

நோர்மன் சொற்களை எடுத்துவிட்டு, சுரங்களை உடைத்துத் துள்ள வைத்தார். ஜோன் பாரி வாத்தியக் கோர்வை அமைத்தார். கிற்றார் விக் ஃபிளிக். அவர்தான் மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கித் தடித்த கம்பிக்குக் கொண்டுபோய், கிற்றாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கிட்ட பலமாக அடித்தவர். நானும் நெடுநாள் மெல்லிய கம்பியில் வாசித்து, நுளம்பு இரைகிற மாதிரி இருக்கிறதே என்று யோசித்தவன். கீழே இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மெட்டு யாருடையது என்று பின்னர் பெரிய இழுபறி. பாரிதான் போட்டார் என்று எழுதிய பத்திரிகைக்கு எதிராக நோர்மன் வழக்குப் போட்டு, 2001இல் 30,000 பவுண் இழப்பீடு வாங்கினார். தீர்ப்பு சரிதான். ஆனாலும் பாரியின் பித்தளைக் குழல்கள் இல்லாவிட்டால் அது தும்மல் பாட்டாகவே கிடந்திருக்கும்.

பாலைமரம்:

அந்த நாவலை நான் வாசித்திருக்கிறேன். தும்மலை விடுங்கள், அந்த மனிதன் ஆயுள் முழுக்கச் சொந்த வீட்டுக்குத்தான் அலைகிறான்.

எங்களுக்கு ஐந்தரை லட்ச ரூபா இந்திய வீட்டுத்திட்டம் கிடைத்தது. கூரை ஏறும்வரை தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். குடிபூரல் அன்று வாடகைக்கு ஸ்பீக்கர் பிடித்திருந்தேன். பிள்ளையார் பாட்டு முடிய, ஸ்பீக்கர் கொண்டுவந்த பெடியன் தன்பாட்டில் பொண்ட் மெட்டைப் போட்டுவிட்டான். ஐயர் மணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவனை நான் நன்றாக ஏசிப்போட்டேன்.