மாதக் கடைசித் தேதியில் தடுமாறும் வினவல்: உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மாதச் சந்தாக்களுக்கான புதுப்பிப்புத் தேதியைக் கணக்கிட ஒரு வினவல் எழுதியிருக்கிறேன். 31 ஜனவரி 2024 அன்று சேர்ந்தவருக்கு ஒரு மாதம் கூட்டினால் 29 பிப்ரவரி வருகிறது. அது சரிதான். அந்த விடையோடு மறுபடியும் ஒரு மாதம் கூட்டினால் 29 மார்ச் வந்து நிற்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது 31 மார்ச். பிப்ரவரியில் இழந்த இரண்டு நாட்கள் அதன்பிறகு திரும்பி வருவதே இல்லை! தேதிகளை வரிசையாக உருவாக்கித் தரும் ஜெனரேட்_சீரிஸ் (generate_series) செயற்கூறைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். அதுவும் முந்தைய விடையின் மேல்தான் கூட்டிக்கொண்டே போகிறது.

தொடக்கத் தேதியோடு நேரடியாக இரண்டு மாதங்களைக் கூட்டினால் 31 மார்ச் சரியாகக் கிடைக்கிறது. ஆகவே தொடக்கத் தேதியை மட்டும் சேமித்து, கடந்த மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று முடிவு செய்தேன். அந்த எண்ணிக்கையை, இரண்டு தேதிகளுக்கு இடையிலான காலத்தைச் சொல்லும் ஏஜ் (age) செயற்கூறிடம் கேட்டதுதான் அடுத்த வம்பு. 31 ஜனவரிக்கும் 29 பிப்ரவரிக்கும் இடையே அது ஒரு மாதம் என்று சொல்வதில்லை, 29 நாட்கள் என்கிறது. புதுப்பிக்க வேண்டிய அன்றே அந்தச் சந்தா பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகிறது.

ஆண்டு வேறுபாட்டை 12-ஆல் பெருக்கி மாத வேறுபாட்டைச் சேர்ப்பதுதான் நம்பகமான வழியா? அப்படியானால், அடுத்த 7 நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டியவர்களை மட்டும் இன்டெக்ஸின் (விரைவாகத் தேட உதவும் அட்டவணைக் குறியீட்டின்) துணையோடு எடுப்பது எப்படி? இப்போது ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதும் வாசிக்கப்படுகிறது. அடுத்த தேதியைத் தனி நெடுவரிசையில் எழுதி வைப்பவர்கள் இருந்தால், அதை எப்போது மாற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.