மறுமொழி: எக்ஸாஸ்ட் ஃபேன், ஹீட் சிங்க் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். கணினிப் பெட்டியின் பாகங்களுக்கு இங்கே முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள் இவை:

> எக்ஸாஸ்ட் ஃபேன் – வெளியேற்று விசிறி
> இன்டேக் ஃபேன் – உள்ளிழு விசிறி
> ஹீட் சிங்க் – வெப்பத்தொட்டி

முதல் இரண்டிலும் பிழை இல்லை, ஆனால் வாயில் நிற்காது. ‘வெளியேற்று விசிறியைக் கழற்றித் துடை’ என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். தவிர, இரண்டும் ஒரே விசிறிதான். திருப்பி மாட்டினால் வெளியேற்றுவது உள்ளிழுப்பதாகிவிடும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. போன சித்திரையில் தம்பி தன் கணினிப் பெட்டியின் மேல்தகட்டில் 120 மி.மீ. விசிறி ஒன்று வைக்கக் கிளம்பினான். மதர்போர்டை முதலில் கழற்றி வைத்தான் (ஷார்ட் ஆக ஒரு துணுக்கு இரும்புத்தூள் போதும்). 114 மி.மீ. ஹோல் சாவால் வட்டம் அறுத்தான், ஓரத்தை அரத்தால் ராவினான், திருகுத் துளைகளை மையத்துக்கு மையம் 105 மி.மீ. அளந்து போட்டான். எல்லாம் சுத்தம். விசிறியை எப்படி வைப்பது என்று போனில் கேட்டான். “முகம் மேலே பார்க்கட்டும்” என்றேன். எனக்கு முகம் என்றால் காற்று வெளியே வருகிற பக்கம். அவனுக்கு, இறக்கைகள் பளிச்சென்று தெரிகிற பக்கம். காற்றோ, குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்கிற முதுகு வழியாகத்தான் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் ஊதுவத்தியைக் காட்டினேன். புகை மேலே போகவில்லை. துளைக்குள் சுருண்டு இறங்கி, நேரே பின்பக்க விசிறி வழியே ஓடிவிட்டது. புதுக்காற்று வந்த வேகத்திலேயே வெளியே போக, கீழே கிராஃபிக்ஸ் கார்டு வெந்துகொண்டிருந்தது.

அந்தப் புகையைப் பார்த்தபோதுதான் அடுப்படிப் புகைபோக்கி நினைவுக்கு வந்தது. அது எந்தப் பக்கம் போக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதே அச்சில் ‘அனல்போக்கி’ என்று வைத்தால் என்ன? (முதலில் ‘காற்றுப்போக்கி’ என்றுதான் எழுதினேன். வீட்டில் சிரித்த சிரிப்பில் அழித்துவிட்டேன்.) உள்ளே எடுப்பது ‘காற்றுவாங்கி’. மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘முன்னால் இரண்டு காற்றுவாங்கி, பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் அனல்போக்கி’ என்று சொல்லிப் பாருங்கள், பெட்டியின் படமே வந்துவிடுகிறது.

வெப்பத்தொட்டியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஹீட் சிங்க் என்பது கணினிச் சில்லின் (சிப்) மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு. தொட்டியோ தேக்கும். இது சூட்டைத் தேக்கினால் சில்லின் கதி என்ன? ‘வெப்பவிழுங்கி’க்கும் இதே தடைதான். ‘கடத்தி’ ஏற்கெனவே மின்சாரம் கடத்தும் கண்டக்டருக்குப் போய்விட்டது. டீக்கடையில் மாஸ்டர் டீயை ஏன் அவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றுகிறார்? நீளமாக இழுத்துக் காற்றில் படவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். அலுமினியத் தகடுகளை வரிசையாக நிறுத்தியிருப்பதும் அதற்குத்தான், காற்று படும் பரப்பைக் கூட்ட. ஆகவே ‘சூடாற்றி’ என்பது என் ஓட்டு.

வென்டுக்கு (பெட்டியில் காற்று போய்வரும் துளைகள்) ஒருவர் ‘காலதர்’ கேட்டிருந்தார். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மான்கண் போன்ற துளை வைத்த காலதர் வருகிறது. சல்லடைத் தகட்டுக்கு அப்படியே பொருந்தும். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று கால் என்றால் செருப்புதான் ஞாபகம் வருகிறது. ‘காற்றுக்கண்’ போதுமா, பாருங்கள்.

பாசிட்டிவ் பிரஷருக்கு ‘நேர்’ வேண்டாம், ‘மிகையழுத்தம்’ சரி. வாங்குவது போக்குவதைவிட மிகை. அதனால் இடுக்கு வழியே காற்று வெளியே கசியும், தூசி வடிகட்டியைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

மிச்சமிருப்பது விசிறியின் இரண்டு பக்கங்கள். ‘முகம்’ வேண்டவே வேண்டாம். ‘வாய்’, ‘முதுகு’ என்று தம்பியிடம் சொன்னேன். “அம்புக்குறி போட்டால் போதாதா?” என்கிறான். அவன் வாங்கிய விசிறியில் அம்புக்குறி இல்லை.