புது கிரைண்டர் மாடல்: பிரஸ் ரிலீஸுக்கு முன் "கோல்" (இலக்கு) என்று என்ன எழுதுவது?

கிரைண்டர்_கோவை:
கோவையில் டில்டிங் கிரைண்டர் தயாரிக்கிறோம். புது மாடல் அடுத்த மாதம் வருகிறது. டிரம்மைச் சாய்க்கும் லாக் எங்கள் சொந்த டிசைன். எல்லாப் பேப்பருக்கும் ஒரு ரிலீஸ் தட்டிவிடலாம் என்று பார்த்தால், "பப்ளிசிட்டி கோல் எழுதிக் கொடுங்க" என்கிறது ஏஜென்சி. நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே?

செய்திமேசை:
அந்த நாலு பேர் யார்? மதுரை, நெல்லைப் பக்கம் டீலர் பிடிக்கவா, ஹோட்டல் ஆர்டருக்கா, வீட்டுக்கு வாங்குபவர்களுக்கா? ஒரே குறிப்பு மூன்றுக்கும் உதவாது. டீலர் பார்ப்பது மார்ஜின், ஸ்பேர், சர்வீஸ். வீட்டில் கேட்பது விலை, கழுவும் வசதி. ஒன்றைப் பிடியுங்கள்.

டீலர்தான் என்றால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 60 நாளில் 8 டீலர் வேண்டும். விசாரிக்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் சேருவதாக உங்கள் பழைய ரெஜிஸ்டர் சொன்னால், 40 விசாரணை வர வேண்டும். அதுதான் கோல். "10 பேப்பரில் வரணும்" என்பது கோல் இல்லை. பத்தும் கோவைப் பதிப்பில் வந்தால் மதுரைக் கடைக்காரர் கண்ணில் படாது. மதுரை நிருபருக்குத் தனியாக, மதுரைக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே வைத்து அனுப்புங்கள்.

அரசூர்_மார்க்கெட்டிங்:
40 வந்ததா என்று எப்படி எண்ணுவீர்கள்? தனி செல் நம்பர் போடுவது வழக்கமான யோசனை. ஆனால் செய்தியில் நம்பரைப் பேப்பரின் எடிட்டிங் டெஸ்க்கில் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அது விளம்பரமாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. படிப்பவர் பிராண்ட் பெயரைத்தான் கூகுளில் தேடுவார். ரிலீஸ் போகுமுன் மேப்பில் கடை, நம்பர், டீலர் படிவம் சரியாக இருக்கட்டும். ஃபோன் எடுப்பவர் "எதில பாத்தீங்க?" என்று கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும். இதைச் சொல்லி வைக்காவிட்டால் கோல் காகிதத்தோடு போச்சு.

இன்னொன்று, பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து காப்பி எடுத்தால் தமிழ் எழுத்து சிதறும். திரும்ப டைப் அடிக்க யாருக்கு நேரம்? யூனிகோடில் வேர்ட் ஃபைல், ஒரு பக்கம், படம் தனி ஜேபெக்.

காப்புரிமை_கணக்கு:
அதெல்லாம் இருக்கட்டும். அந்த லாக்குக்குப் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டாச்சா?

கிரைண்டர்_கோவை:
இல்லை. மார்க்கெட்டில் எடுபடுகிறதா பார்த்துவிட்டுப் போடலாம் என்று...

காப்புரிமை_கணக்கு:
அப்படியானால் ரிலீஸை நிறுத்துங்கள். லாக் வேலை செய்யும் விதம் பேப்பரில் வந்துவிட்டால் பேட்டன்ட்டுக்குத் தேவையான "புதுமை" போய்விடும். பிறகு விண்ணப்பித்தால் உங்கள் செய்தியையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். முதலில் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம். போட்ட தேதி உங்களுக்கு நிற்கும், முழு விவரக் குறிப்பைத் தர 12 மாதம் உண்டு. வெளித்தோற்றத்துக்கு டிசைன் பதிவு தனி. அதையும் படம் வெளியாகுமுன் போட வேண்டும். மாடலை விற்பனைக்கு விடுவதும் இதற்கெல்லாம் பிறகுதான்.

செய்திமேசை:
இவர் சொல்வது சரி. "இந்தியாவிலேயே முதல்" என்று எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆதாரம் எங்கே என்பார் நிருபர். சாய்க்க எத்தனை கிலோ விசை, எத்தனை லிட்டர், என்ன விலை என்று போடுங்கள், அது செய்தி. தீபாவளித் தள்ளுபடியை இதில் கலக்க வேண்டாம். அந்த வரியைப் பார்த்ததும் மெயிலை விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கிருந்து ரேட் கார்டுதான் (விளம்பரக் கட்டணப் பட்டியல்) வரும்.