பழைய டேப்லெட்டுக்கு மைக்ரோ எஸ்டி கார்டு: எதை, எங்கே வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என் பழைய டேப்லெட்டின் விவரக்குறிப்பில் மெமரி கார்டுக்கு 'அதிகபட்சம் 32 ஜிபி' என்றுதான் இருக்கிறது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஸ்டிஎச்சி வகை, அவற்றில் ஃபைல்களை அடுக்கும் முறை (ஃபார்மட்) ஃபேட்32. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி வகை, ஃபார்மட் எக்ஸ்ஃபேட். பழைய கருவிகள் பல எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். 64 ஜிபி கார்டைக் கணினியில் ஃபேட்32 ஆக்கிப் போட்டால் சிலவற்றில் ஓடும். ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய எந்தத் தனி ஃபைலும் ஏறாது. அப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டா? எத்தனை நாள் தாங்கியது?

பாட்டும் பாடப் புத்தகமும்தான் வைக்கப்போவது, 4கே வீடியோ இல்லை. எனவே வீடியோ பதிவுக்கான வி30 வேகக் குறியீடு உள்ள கார்டுக்குக் காசு கொடுப்பது வீண். கிளாஸ் 10 (எழுதும் வேகம்), ஏ1 (ஆப்கள் ஓடும் வேகம்) என்ற குறியீடுகள் இருந்தால் போதும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பில்லும் வாரண்டியும் தரும் கடை எது, இப்போது 64 ஜிபி என்ன விலை? பாதி விலைக்கு 512 ஜிபி என்பவர்களைச் சொல்லாதீர்கள். அந்தப் போலிக் கார்டுகளில் கன்ட்ரோலர் (கார்டை இயக்கும் சிப்) பொய்க் கொள்ளளவைக் காட்டும். நிஜ இடம் தீர்ந்ததும் ஃபைல்கள் கெடும். வாங்கியதும் எஃப்3 என்ற கார்டு சோதிக்கும் மென்பொருளில் முழுக்க எழுதிச் சோதிக்க வேண்டும், அதில் தேறாவிட்டால் மாற்றித் தரும் கடையாக இருந்தால் நல்லது.