ஹோட்டலுக்கு 12 படம் கேட்கும் ஆலோசகர், 5 படத்தை ரொக்கமாகக் கேட்கும் டீலர்: எதை எப்படிப் பேசுவது?

பால்மரம் (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்டத்துக் காட்சிகளை அக்ரிலிக்கில் வரைகிறேன், படம் 3,000 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூர் கலை ஆலோசகர் ஒருவர் ஹோட்டலுக்குப் புதிதாக 12 படம் கேட்கிறார், 40% கமிஷனாம். டீலர் ஒருவர் கையிலிருக்கும் 5 படத்தையும் அரை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். எதையெல்லாம் பேசிவைக்க வேண்டும்?

வண்ணச்சட்டம்:
ஆலோசகர் ஹோட்டலின் ஆள். அங்கேயும் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களிடமும் கமிஷன் எடுக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். ஆமென்றால் 40% மிக அதிகம், குறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 26-இன்படி, சொல்லி வரையவைத்த படத்தின் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போய்விடும், மாறாக ஒப்பந்தம் இருந்தால் தவிர. "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்ற ஒரு வரியை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் தூரிகையைத் தொடாதீர்கள். இல்லையென்றால் அதே படம் மெனு அட்டையிலும் வரும், உங்களுக்கு ஒரு காசு வராது. முன்பணம் 50%. மாதிரி வரைவில் திருத்தம் இரண்டு முறை மட்டும், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்றும் சேருங்கள்.

ஈப்போ ஐயா:
தம்பி, டீலர் ரொக்கமாக வாங்கினால் விற்காத நட்டம் அவருடையது, ஆகவே அரை விலை அநியாயமில்லை. ஆனால் அவர் அவசரத்துக்கு 2,000-க்குத் தள்ளிவிட்டால் உங்கள் 3,000 அடிபடும். இரண்டை விற்றுவிட்டு மூன்றை கன்சைன்மென்டில், அதாவது விற்ற பிறகு கமிஷன் போக பணம் தரும் முறையில், கொடுங்கள். முழுப் பணம் வரும்வரை படம் உங்களுடையது, விற்ற 30 நாளில் பணம், ஆறு மாதத்தில் விற்காவிட்டால் அவர் செலவில் திருப்பி அனுப்புவது, அவரிடம் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

தகராறு வருவது தள்ளுபடியில்தான். கமிஷன் 40% என்று வையுங்கள். 10% தள்ளி 2,700-க்கு விற்றால், தள்ளுபடி அவர் பங்கில் என்றால் உங்களுக்கு 1,800. விற்ற விலையில் கணக்கென்றால் 1,620. முழுதும் உங்கள் தலையில் என்றால் 1,500. எது என்று முதலிலேயே எழுதுங்கள்.

வண்ணச்சட்டம்:
ஐயா சொன்னதோடு, வீட்டில் நேரில் வருபவருக்கும் அதே 3,000தான். குறைத்துக் கொடுத்தது தெரிந்தால் டீலர் மறுபடி வரமாட்டார்.

கேன்வாஸ் கட்டு:
அக்ரிலிக் மேல் பபிள் ராப் நேராகப் படக்கூடாது. லாரி வெயிலில் பெயின்ட் இளகி வட்ட வட்டமாகத் தடம் பதியும். முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), பிறகு பபிள் ராப், நான்கு மூலைக்கும் அட்டை. சுருட்டினால் பெயின்ட் பக்கம் வெளியே இருக்கணும், குழாயும் அகலமானதாக இருக்கணும். கட்டும் முன் முன்பக்கம், பின்பக்கம், மூலைகள் படம் பிடித்து டீலருக்கு அனுப்பிவிடுங்கள்.